உள்ளங்கை அளவில் ஒரு முழு கம்ப்யூட்டர்

எங்கள் வீட்டுக்கு முதல் கம்ப்யூட்டர் வந்தது 2009ஆம் ஆண்டு. நான் அப்போது ஏழாம் வகுப்பு. அதற்கென்று தனி மேசை, அம்மா தைத்த துணி உறை, பக்கத்தில் ஸ்டெபிலைசர். தொடுவதற்கு முன் கையைக் கழுவ வேண்டும், பென் டிரைவ் செருகக் கூடாது, புதிதாக எதையும் இன்ஸ்டால் செய்யக் கூடாது. இவை அப்பா போட்ட விதிகள். இதைப் படிக்கும் பலர் வீட்டில் இதே விதிகள் இப்போதும் இருக்கும்.

இரண்டு வருடம் ஒழுங்காக இருந்தேன். 2011ல் நண்பன் ஒருவன் லினக்ஸ் சிடி கொடுத்தான். அப்பா ஆபீஸ் போன நேரத்தில் போட்டேன். 'டிஸ்க் முழுவதையும் பயன்படுத்தலாமா?' என்ற பொருளில் ஒரு கேள்வி வந்தது. சி டிரைவைத்தான் கேட்கிறது என்று நினைத்து ஓகே கொடுத்தேன். அது ஹார்டு டிஸ்க் முழுவதையும் கேட்டிருக்கிறது. டி டிரைவில் அக்காவின் கல்யாணப் படங்கள் இருந்தன. ஆல்பத்துக்கு பிரிண்ட் போட்டவை மட்டும் தப்பின. போன படங்களில் எங்கள் பாட்டியை நான் எடுத்தவை நிறைய. அடுத்த வருடம் பாட்டி தவறிவிட்டார். அப்பா திட்டவில்லை. கம்ப்யூட்டருக்கு பாஸ்வேர்டு போட்டுவிட்டார், அவ்வளவுதான்.

இன்று நான் சாஃப்ட்வேர் இன்ஜினியர். கம்ப்யூட்டரைக் கற்றுக்கொள்ள அதைக் கொஞ்சம் கெடுத்துப் பார்க்க வேண்டும் என்பது தொழிலில் தினமும் தெரிகிறது. ஆனால் வீட்டுக் கணக்கு, பிள்ளைகளின் படங்கள், மின்கட்டண ரசீது எல்லாம் இருக்கும் கம்ப்யூட்டரை யார் கெடுக்க விடுவார்கள்? இந்தச் சிக்கலுக்கு விடையாக வந்ததுதான் இந்த மாதம் நாம் பார்க்கப் போகும் ராஸ்பெர்ரி பை.

பெயரும் பிறப்பும்

முதலில் பெயர். இந்தப் 'பை' நாம் கடைக்கு எடுத்துப் போகும் பை அல்ல. ஆப்பிள், ஆப்ரிகாட் என்று பழங்களின் பெயரை கம்ப்யூட்டருக்கு வைக்கும் பழைய வழக்கப்படி ராஸ்பெர்ரி. பைதான் என்ற புரோகிராமிங் மொழியைக் குறிக்க பை.

இது பிறந்த இடம் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ். அங்கே பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் பாடம் நடத்திய எபென் அப்டனும் சக ஆசிரியர்களும் 2000களின் நடுவில் ஒன்றைக் கவனித்தார்கள். கம்ப்யூட்டர் பட்டப்படிப்புக்கு விண்ணப்பிக்கும் மாணவர்களின் எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தது. வந்தவர்களுக்கும் முந்தைய தலைமுறைக்குத் தெரிந்த அளவு புரோகிராமிங் தெரியவில்லை. 1980களின் பிள்ளைகளுக்கு பிபிசி மைக்ரோ போன்ற கம்ப்யூட்டர்கள் கிடைத்தன. சுவிட்சைப் போட்டதும் பேசிக் மொழியில் எழுதக் காத்திருக்கும் கம்ப்யூட்டர் அது. எழுதியது தவறா? அணைத்துப் போட்டால் பழையபடி புதிதாக நிற்கும். அடுத்த தலைமுறைக்குக் கிடைத்ததோ விளையாட்டுப் பெட்டியும், குடும்பம் முழுவதும் பயன்படுத்தும் கம்ப்யூட்டரும்.

எனவே, கெட்டுப்போனாலும் வீட்டில் சண்டை வராத விலையில் ஒரு கம்ப்யூட்டர் செய்ய முடிவு செய்தார்கள். 2009ல் இதற்காக ஓர் அறக்கட்டளை பதிவானது. 2012 பிப்ரவரி 29 அன்று முதல் போர்டு விற்பனைக்கு வந்தது. விலை 35 டாலர். பெருங்கூட்டத்தை யாரும் எதிர்பார்க்கவில்லை. அன்று காலை விற்பனை தொடங்கியதும் விற்ற நிறுவனங்களின் இணையதளங்கள் திணறிவிட்டன. 2016 செப்டம்பரில் மொத்த விற்பனை 1 கோடியை எட்டியது.

இங்கே ஒரு சின்னச் செய்தி. பிபிசி மைக்ரோவைச் செய்தது கேம்பிரிட்ஜில் இருந்த ஏக்கார்ன் என்ற நிறுவனம். அதே நிறுவனத்தில் சோஃபி வில்சன், ஸ்டீவ் ஃபர்பர் இருவரும் சேர்ந்து வடிவமைத்து 1985ல் உருவான பிராசஸர்தான் ஆர்ம். உங்கள் செல்போனுக்குள் இருப்பது அதன் வம்சம். ராஸ்பெர்ரி பைக்குள் இருப்பதும் அதுவே.

போர்டில் என்ன இருக்கிறது?

வழக்கமான மாடலின் அளவு 85 மில்லிமீட்டருக்கு 56 மில்லிமீட்டர். ஏறக்குறைய ஏடிஎம் கார்டு. இதில் பிராசஸர், மெமரி, யுஎஸ்பி சாக்கெட்டுகள், நெட்வொர்க் சாக்கெட், மானிட்டருக்கான எச்டிஎம்ஐ சாக்கெட் எல்லாம் ஒரே போர்டில் வந்துவிடுகின்றன. அதனால்தான் இந்த வகைக்கு ஒற்றை போர்டு கம்ப்யூட்டர் என்று பெயர். உங்கள் மேசைக்கடியில் இருக்கும் பெட்டியைத் திறந்தால் மதர்போர்டு, ரேம், கிராபிக்ஸ் கார்டு என்று தனித்தனியாகச் செருகியிருப்பார்கள். ஒன்று போனால் மாற்றலாம். இதில் ரேமைக் கூட்ட முடியாது. வாங்கும்போதே எத்தனை ஜிபி என்று முடிவு செய்ய வேண்டும்.

விலை குறைவு என்று கேள்விப்பட்டு ஓடுவதற்கு முன் ஒரு விஷயம். பெட்டி, கீபோர்டு, மவுஸ், மானிட்டர், பவர் அடாப்டர், மெமரி கார்டு எதுவும் அந்த விலையில் வராது. மானிட்டருக்கு வீட்டு டிவியே போதும். ஆனால் 4, 5 மாடல்களில் எச்டிஎம்ஐ சாக்கெட் சிறிய அளவு. அதற்கேற்ற கேபிள் தனியாகக் கேட்டு வாங்குங்கள். கடைக்காரர் எடுத்துக் கொடுக்க மறந்து, வீட்டுக்கு வந்து பார்த்துத் தலையில் கை வைத்தவர்களில் நானும் ஒருவன்.

இன்னொன்று, இதில் நாம் பழகிய சாதாரண விண்டோஸ் இல்லை. டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட ராஸ்பெர்ரி பை ஓஎஸ் இருக்கும். பிரவுசர், கடிதம் அடிக்க லிப்ரே ஆபீஸ், புரோகிராம் எழுத பைதான் எல்லாம் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனால் டேலி போன்ற விண்டோஸ் சாஃப்ட்வேரை இதில் அப்படியே இன்ஸ்டால் செய்ய முடியாது. அவை இன்டெல், ஏஎம்டி வகை பிராசஸருக்காகவும் விண்டோஸுக்காகவும் எழுதப்பட்டவை. எனவே 'வீட்டுக் கம்ப்யூட்டருக்குப் பதில் இதை வாங்கலாமா?' என்று கேட்டால் என் பதில், வேண்டாம். வீட்டுக் கம்ப்யூட்டர் இருக்கட்டும். அதன் பக்கத்தில் இது இருக்கட்டும்.

இன்னும் சிறிய மாடலும் உண்டு. பை ஜீரோ 2015 நவம்பரில் வெளிவந்தபோது விலை 5 டாலர்தான். மேக்பை என்ற ஆங்கில மாத இதழ் தன் 40ஆவது இதழின் அட்டையிலேயே அதை ஒட்டி இலவசமாகக் கொடுத்தது. சிடி கொடுத்த பத்திரிகைகளைப் பார்த்திருக்கிறோம், கம்ப்யூட்டரையே கொடுத்தது அது. (ஆசிரியர் அவர்களே, சும்மா சொல்லி வைக்கிறேன்!)

கார்டுதான் எல்லாம்

ராஸ்பெர்ரி பையில் ஹார்டு டிஸ்க் கிடையாது. செல்போனில் போடும் மைக்ரோ எஸ்டி கார்டுதான் ஹார்டு டிஸ்க். ஆபரேட்டிங் சிஸ்டம், நீங்கள் எழுதும் புரோகிராம், படங்கள் எல்லாம் அதில். 32 ஜிபி கார்டு தாராளம். பெயர் தெரிந்த கம்பெனி கார்டாக, நம்பிக்கையான கடையில் வாங்குங்கள். போலிக் கார்டுகள் நிறைய உலவுகின்றன.

கார்டைத் தயார் செய்ய உங்கள் விண்டோஸ் கம்ப்யூட்டர் தேவை. ராஸ்பெர்ரி பை இணையதளத்திலிருந்து இமேஜர் என்ற இலவச சாஃப்ட்வேரை டவுன்லோடு செய்து இன்ஸ்டால் செய்யுங்கள். கார்டு ரீடரில் கார்டைச் செருகுங்கள். இமேஜரைத் திறந்தால் உங்கள் போர்டின் மாடல், எந்த ஓஎஸ், எந்த கார்டில் எழுத வேண்டும் என்று வரிசையாகக் கேட்கும். மூன்றாவது கேள்வியில் நிதானம் தேவை. தேர்ந்தெடுக்கும் இடத்தில் இருப்பது முழுக்க அழிந்துவிடும். கம்ப்யூட்டரில் பென் டிரைவோ வெளி ஹார்டு டிஸ்க்கோ செருகியிருந்தால் முதலில் கழற்றி வையுங்கள். பட்டியலில் தெரிவது கார்டின் அளவுதானா என்று பார்த்த பிறகே ஓகே கொடுங்கள். இதைச் சொல்லும் தகுதி எனக்கு உண்டு.

எழுதி முடித்ததும் கார்டை போர்டில் செருகி, கடைசியாக பவரைக் கொடுங்கள். சிவப்பு விளக்கு பவருக்கு. பச்சை விளக்கு மினுக்கினால் கார்டைப் படிக்கிறது என்று பொருள். 5 மாடலில் இரண்டுக்கும் சேர்த்து ஒரே விளக்கு.

பவர் அடாப்டர் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். 4 மாடலுக்கு 5 வோல்ட் 3 ஆம்பியர், 5 மாடலுக்கு 5 வோல்ட் 5 ஆம்பியர் கொடுக்கும் அடாப்டர் தேவை. பழைய செல்போன் சார்ஜரைச் செருகினால் ஆன் ஆகும், கொஞ்ச நேரம் ஓடவும் செய்யும். வேலை கூடியதும் வோல்டேஜ் இறங்கும். 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனால் திரையின் ஓரத்தில் மஞ்சள் மின்னல் அடையாளம் வரும். அதைப் பார்த்தும் அப்படியே விட்டால் காரணம் தெரியாமல் ரீஸ்டார்ட் ஆகும், கார்டும் கெடலாம்.

அணைக்கும்போதும் அப்படித்தான். மெனுவில் ஷட் டவுன் கொடுத்து, பச்சை விளக்கின் மினுக்கல் நின்ற பிறகே பிளக்கைப் பிடுங்குங்கள். 5 மாடலில் விளக்கு சிவப்பாக மாறும். கார்டில் எழுதிக்கொண்டிருக்கும் நொடியில் கரண்ட் போனால் ஃபைல்கள் பாதியில் நிற்கும், அடுத்த முறை எழும்பாமலே போகலாம்.

நாற்பது பின்கள்

இதுவரை சொன்னதெல்லாம் எந்தச் சின்ன கம்ப்யூட்டருக்கும் பொருந்தும். ராஸ்பெர்ரி பையைத் தனியாகக் காட்டுவது போர்டின் ஓரத்தில் இரண்டு வரிசையாக நிற்கும் 40 பின்கள். இவற்றில் 26 பின்களை நாம் எழுதும் புரோகிராம் மூலம் ஆன், ஆஃப் செய்யலாம், அல்லது வெளியிலிருந்து வரும் சிக்னலைப் படிக்கச் சொல்லலாம். வீட்டுக் கம்ப்யூட்டரில் எழுதும் புரோகிராம் திரையோடு நின்றுவிடும். இதில் எழுதும் நான்கு வரி பைதான் ஒரு விளக்கை எரிய வைக்கும், கதவு திறந்ததைச் சொல்லும், வெப்பத்தை அளக்கும். 2015 டிசம்பரில் இரண்டு ராஸ்பெர்ரி பைகள் சர்வதேச விண்வெளி நிலையத்துக்கே போயின. பள்ளிப் பிள்ளைகள் எழுதிய புரோகிராம்கள் அங்கே சென்சார்களோடு ஓடின.

முதல் பயிற்சிக்கு ஓர் எல்இடி, 330 ஓம் ரெசிஸ்டர் ஒன்று, இரண்டு ஜம்பர் ஒயர் போதும். ரெசிஸ்டர் இல்லாமல் எல்இடியை நேராக இணைக்காதீர்கள். ஒரு பின் கொடுக்கும் கரண்ட் மிகக் குறைவு, 16 மில்லி ஆம்பியருக்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது. ஃபேன், மோட்டார் எதையும் பின்னிலிருந்து நேராக ஓட்ட முடியாது.

அடுத்தது வோல்டேஜ். இந்தப் பின்கள் பேசும் மொழி 3.3 வோல்ட். 5 வோல்ட் சிக்னலை உள்ளே விட்டால் பிராசஸரே போய்விடலாம். ஆனால் அதே 40 பின்களில் 5 வோல்ட் கொடுக்கும் பின்கள் இரண்டு உண்டு. முதல் பின் 3.3 வோல்ட், அதை ஒட்டி நிற்கும் இரண்டாவது பின் 5 வோல்ட். இந்த இரண்டும் தொட்டுக்கொண்டால் கதை முடிந்தது.

எனக்கு முடிந்தது. 2016ல் இன்ஜினியரிங் மூன்றாம் வருடம் படிக்கும்போது, ஸ்காலர்ஷிப் பணத்தில் சுமார் 3000 ரூபாய் கொடுத்து 3 மாடல் வாங்கினேன். ஹாஸ்டல் அறையில் ஒரு சென்சாரை இணைத்துக்கொண்டிருந்தேன். பவரை அணைக்காமலேயே ஒயரை இடம் மாற்றினேன். நுனி நழுவி பக்கத்துப் பின்னில் பட்டது. சத்தமில்லை, புகையில்லை. சிவப்பு விளக்கு மட்டும் எரிகிறது, திரையில் ஒன்றுமில்லை. சிப்பைத் தொட்டால் விரல் சுட்டது.

வீட்டுக்கு போன் போட்டு அப்பாவிடம் சொன்னேன். பணம் போனதற்குத் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் கேட்டது ஒரே கேள்வி. "உள்ள படம் ஏதாவது இருந்துச்சாடா?"

"இல்லப்பா. கார்டு நல்லாத்தான் இருக்கு."

உண்மையில் நல்லாத்தான் இருந்தது. நண்பனின் போர்டில் என் கார்டைச் செருகினேன். என் டெஸ்க்டாப், என் புரோகிராம், விட்ட இடத்திலேயே இருந்தன. போர்டு போனால் கார்டு இருக்கிறது. கார்டு போனால் போர்டு இருக்கிறது, பத்து நிமிடத்தில் வேறு கார்டு எழுதலாம். வீட்டுக் கம்ப்யூட்டரில் உள்ள உங்கள் ஃபைல்களுக்கு இரண்டாலும் ஆபத்தில்லை.

மாடித் தொட்டியும் ஒரு தவறான முடிவும்

படிப்பு முடிந்து வேலைக்குப் போனதும் இரண்டாவது போர்டு வாங்கினேன். வீட்டில் மோட்டார் போட்டுவிட்டு மறப்பதும், தொட்டி வழிவதும், தெருவே வந்து சொல்வதும் வாடிக்கை. தொட்டி மூடிக்கு அடியில் ஓர் அல்ட்ராசானிக் சென்சார் வைத்தேன். வௌவால் போலத்தான் இது. நம் காதுக்குக் கேட்காத ஒலியை அனுப்பும், அது தண்ணீரில் பட்டுத் திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்கும். ஒலியின் வேகம் நொடிக்கு சுமார் 343 மீட்டர். ஒரு சென்டிமீட்டர் தூரத்துக்குப் போய்த் திரும்ப சுமார் 58 மைக்ரோ செகண்ட். நேரத்தை 58ஆல் வகுத்தால் தண்ணீர் எத்தனை சென்டிமீட்டர் கீழே இருக்கிறது என்று தெரிந்துவிடும். சென்சார் திருப்பி அனுப்பும் சிக்னல் 5 வோல்ட். எனவே 1 கிலோ ஓம், 2 கிலோ ஓம் ரெசிஸ்டர்களைத் தொடராகப் போட்டு நடுவிலிருந்து எடுத்தால் 3.3 வோல்ட் கிடைக்கும். ஒருமுறை சுட்டுக்கொண்டவன், இந்தத் தடவை பவரை அணைத்துவிட்டுத்தான் ஒயரைத் தொட்டேன்.

வேலை செய்தது. ஆனால் அளவு அடிக்கடி ஒன்றிரண்டு சென்டிமீட்டர் ஆடியது. காரணம் சென்சார் அல்ல, லினக்ஸ். ஒரே நேரத்தில் பல வேலைகளை மாற்றி மாற்றிச் செய்யும் ஆபரேட்டிங் சிஸ்டம் அது. என் புரோகிராம் மைக்ரோ செகண்டுகளை எண்ணும் நேரத்தில் வேறு எதையோ கவனிக்கப் போய்விடும். பிறகு ஒரு மழைநாளில் மூன்று முறை கரண்ட் போய் வந்தது. அதோடு கார்டு படுத்துவிட்டது. கார்டை எழுத முடியாதபடி பூட்டி ஓட்டும் வசதி ராஸ்பெர்ரி பை ஓஎஸ்ஸில் உண்டு. அதையும் போட்டுப் பார்த்தேன், கார்டு தப்பியது. ஆனாலும் ஒரு தொட்டியை அளக்க முழு ஆபரேட்டிங் சிஸ்டம் எதற்கு?

இந்த வேலைக்குப் பொருத்தமானது மைக்ரோ கன்ட்ரோலர். இதுவும் சின்ன போர்டுதான், ஆனால் இதில் ஆபரேட்டிங் சிஸ்டம் இல்லை, கார்டு இல்லை, மானிட்டர் இணைக்க சாக்கெட் இல்லை. நீங்கள் எழுதிய ஒரே புரோகிராமை பவர் வந்ததும் ஓட்டத் தொடங்கும், பவர் போனால் நிற்கும். எத்தனை முறை கரண்ட் போய் வந்தாலும் கவலையில்லை. 2005ல் இத்தாலியில் தொடங்கிய ஆர்டுயினோ இந்த வகை. ராஸ்பெர்ரி பை நிறுவனமே 2021 ஜனவரியில் பைக்கோ என்ற பெயரில் 4 டாலருக்கு ஒன்றை வெளியிட்டது. 2022ல் வந்த பைக்கோ டபிள்யூவில் வைஃபையும் உண்டு. அதில் உள்ள பட்டனை அழுத்தியபடி யுஎஸ்பி கேபிளைச் செருகினால் விண்டோஸில் பென் டிரைவ் போலத் தெரியும். மைக்ரோபைதான் ஃபைலை இழுத்துப் போட்டால் தயார். இதற்கும் 3.3 வோல்ட்தான் எல்லை. அதை மறக்க வேண்டாம்.

இப்போது தொட்டியில் ஒரு பைக்கோ டபிள்யூ, சமையலறையில் இன்னொன்று. தொட்டி நிரம்பப் போகிறது என்றால் சமையலறையில் பஸ்ஸர் கத்தும். அம்மா போய் மோட்டாரை நிறுத்துவார். தானாகவே நிறுத்தும்படி செய்யக் கூடாதா என்று கேட்பீர்கள். செய்யலாம், ரிலே வேண்டும். ஆனால் அந்தப் பக்கம் 230 வோல்ட். தெரிந்த எலெக்ட்ரீஷியன் இல்லாமல் அதில் கை வைக்காதீர்கள். நானும் வைக்கவில்லை.

எனவே வாங்கும் முன் யோசியுங்கள். ஒரே வேலையை இரவு பகலாகச் செய்ய வேண்டும் என்றால் பைக்கோ போதும், பணமும் மிச்சம். புரோகிராமிங் பழக, லினக்ஸ் தெரிந்துகொள்ள, பிள்ளைகள் கெடுத்துப் பார்க்க என்றால் ராஸ்பெர்ரி பை. ஒயர், பின் என்றால் பயமாக இருக்கிறது என்பவர்களுக்குக் கீபோர்டுக்குள்ளேயே போர்டை வைத்துத் தரும் 400, 500 மாடல்கள் இருக்கின்றன. 2021 முதல் 2023 வரை சிப் தட்டுப்பாட்டில் போர்டுகள் கிடைக்காமல், பலர் இரட்டிப்பு விலைக்கு விற்றார்கள். அதனால் இரண்டு மூன்று இடத்தில் விலை கேட்காமல் வாங்காதீர்கள்.

தொட்டியிலிருந்து இறக்கிய ராஸ்பெர்ரி பை என்ன ஆனது? அக்கா மகளிடம் இருக்கிறது. அவளுக்கு 12 வயது. வீட்டு லேப்டாப்பைத் தொட அக்கா இன்னமும் விடுவதில்லை, அதற்கான காரணத்தை என்னைப் பார்த்துக்கொண்டே சொல்வாள். போன விடுமுறையில் ஒரு காலை போன் வந்தது.

"மாமா, ஸ்கிரீன் கறுப்பா இருக்கு. நான் ஒண்ணும் பண்ணல."

"என்ன டெலிட் பண்ணுன?"

கொஞ்ச நேரம் பதில் இல்லை. "இடத்தை அடைக்குதேன்னு ஒரு ஃபோல்டர்."

ஆபரேட்டிங் சிஸ்டத்தின் ஃபோல்டர் அது. எதை அழித்தாய், எப்படி அழித்தாய் என்று அவளையே நோட்டில் எழுதச் சொன்னேன். பிறகு போனிலேயே வழி சொல்ல, அக்காவின் லேப்டாப்பில் அக்கா முன்னிலையில் அவளே இமேஜரைத் திறந்து கார்டை எழுதினாள். மூன்றாவது கேள்வி வந்ததும் நிறுத்தி, "32 ஜிபின்னு காட்டுது மாமா, ஓகே கொடுக்கவா?" என்று கேட்டாள். கொடுக்கச் சொன்னேன். இதுவரை நான்கு முறை எழுதியாகிவிட்டது.